பெயிண்ட் அடித்து விற்பதா, கழுவி மட்டும் விற்பதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சில கார்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும். கிலோமீட்டர் குறைவு, ஆனால் கொட்டகையில் நின்றே வயசாகிவிடும். அப்படிப்பட்ட காரை விற்க நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு
பெயிண்ட்: ஒரு கதவுக்கே சில ஆயிரம்.
கழுவல்: சில நூறு. ஆனால் நம் ஊர்ச் செம்மண் கதவு ரப்பருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அடித்தால் போகாது, பழைய பல் பிரஷ் வேண்டும்.

நேரம்
பட்டறையில் ஒரு வாரம். கழுவ அரை நாள்.

நம்பிக்கை
பெயிண்ட்: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு கீறலுக்காக பம்பருக்கு மட்டும் அடித்தேன். வெயிலில் நிறுத்தியதும் நிறம் தனியாகத் தெரிந்தது. பார்க்க வந்தவர் முதலில் கேட்டதே, "அண்ணே, முன்னாடி எங்க இடிச்சீங்க?"
கழுவல்: கீறல் கீறலாகவே தெரியும். அவர் கொஞ்சம் விலை குறைப்பார், அவ்வளவுதான்.

எப்படி விற்றாலும் பேட்டரி, எலி கடித்த ஒயர் இரண்டையும் சரிசெய்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் முடிந்த கார் என்றால் வங்கியின் என்ஓசியும் (கடன் பாக்கி இல்லை என்ற கடிதம்), ஆர்சி புத்தகத்தில் உள்ள கடன் பதிவை நீக்கப் படிவம் 35-ம்.

துருவோ பெரிய நசுங்கலோ இருந்து, நேரடியாக ஒரு குடும்பத்துக்கு விற்கிறீர்கள் என்றால் டிங்கரிங், பெயிண்ட் சரி. பட்டறை பில்லைக் காட்டிவிடுங்கள். டீலரிடம் போகிறதா? கழுவினால் போதும். அவரிடமே பட்டறை ஆள் இருப்பார், உங்கள் பெயிண்டுக்கு அவர் விலை ஏற்றமாட்டார்.