பெங்களூரில் உலர்கழிவு: காயலான் கடையா, வார்டு மையமா?

சிவாஜிநகர் காயலான் கடைக்காரர் பெட் (PET) பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் தனியே போடுவார், லேபிளையும் கிழித்துவிடுவார். பாட்டில் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு; சேர்த்து உருக்கினால் தரம் கெட்டுவிடும். தொட்டுப் பார்த்தே ரகம் சொல்லும் கை அது. பேப்பர், அட்டை, இரும்புக்கு எடை போட்டதும் காசு. சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் தொட மாட்டார். பல அடுக்கு ஒட்டிய உறை, பிரிக்க முடியாது.

வார்டு உலர்கழிவு மையம் அதற்குக் காசு தராது, ஆனால் எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும். 2015-இல் உயர் நீதிமன்றம் சொன்ன ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ முறையில் தொட்டிகள் ஈரக்கழிவுக்கும் சானிட்டரி கழிவுக்கும்; அந்தப் பை இது உட்பட எல்லா உலர்கழிவுக்கும்.

நான் விலைபோவதைக் கடைக்கே கொடுக்கிறேன், மீதி மையத்துக்கு. பால் கவரை மட்டும் தயவுசெய்து கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பிரிக்கிற அக்காக்கள்தான் நாள் முழுக்க அந்த நாற்றத்தில் உட்கார வேண்டும்.