பள்ளிக்கூடம் போய்வந்த கரடிப் பொம்மை: ஐந்து வருட அனுபவம்

பஞ்சுப் பொம்மைகளுக்கு எழுதப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவை வாங்கிய வாரத்திலேயே எழுதப்பட்டவை. மெத்துமெத்தென்று இருக்கிறது, குழந்தைக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கரடிக்கு ஐந்து வயது ஆகிறது, மகளைவிட ஒரு வயது இளையது. அவள் பள்ளியில் சேர்ந்த வருடம் அவளோடு பையில் போய் வந்தது. பெயர் தொப்பை. வைத்தது அவள்தான்.

உட்கார வைத்தால் ஒரு சாணைவிடக் கொஞ்சம் அதிக உயரம். குட்டை ரோமத் துணி, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. கண்கள் நூலால் தைத்தவை. இதைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கண்களுக்காகத்தான், ஏனென்றால் பிளாஸ்டிக் கண் பிய்ந்து வந்தால் நேராக வாய்க்குத்தான் போகும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் இப்படிப்பட்ட பொம்மைகள் இருக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. அதனால் அவளுக்கு ஒரு வயது முடிந்த பிறகுதான் தொப்பைக்குப் படுக்கையில் இடம் கிடைத்தது.

துணி நன்றாகத் தாங்கியிருக்கிறது. இடது காது மட்டும் விதிவிலக்கு. தூக்கம் வரும்வரை அதை விரலிடுக்கில் வைத்து உருட்டுவாள், அந்த இடத்தில் ரோமம் சுத்தமாகப் போய்விட்டது. தையல்தான் மட்டம். அக்குளில் அடிக்கடி பிரிகிறது. கழுத்துப் பஞ்சு வயிற்றுக்கு இறங்கிவிட்டதால் தலை எப்போதும் தொங்கியபடி இருக்கும்.

துவைப்பதற்குத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, குளிர்ந்த நீரில், மெஷினின் மென்மையான சுற்றில் விடுகிறோம். டிரையர் வேண்டாம், சூட்டில் ரோமம் சுருண்டு சொரசொரப்பாகிவிடும். உள்பஞ்சு காய நேரமெடுக்கும் என்பதால் காலையிலேயே துவைத்தாக வேண்டும். இல்லையென்றால் அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. காய்ந்து வந்தாலும் "இது தொப்பை வாசனை இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1953-இல் வெளிவந்த கட்டுரையில் இதைத்தான் எழுதினார்: அழுக்கும் நாற்றமும் இருந்தாலும் தாய் அதைத் துவைக்காமல் விடுகிறாள், துவைத்தால் குழந்தைக்கு அதனோடு இருக்கும் தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். சரிதான். ஆனால் தூசியால் மூச்சிரைப்பு வரும் குழந்தை என்றால் வாசனையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அடிக்கடி துவைத்துத்தான் ஆக வேண்டும்.

இனி பள்ளி. வகுப்பில் பொம்மைக்கு அனுமதி இல்லை. தொலைந்துவிடும், பிள்ளைகள் இழுத்துப் பிய்ப்பார்கள், நியாயமான காரணங்கள். டீச்சரிடம் பேசியதில் ஓர் ஒப்பந்தம் ஆனது: தொப்பை பைக்குள் இருக்கலாம், இடைவேளையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், மேசைக்கு வரக் கூடாது. அதனால் அழுகை நின்றதா? வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய் அழுது ஓய்வதற்கு ஆகும் நேரம்தான் நாளுக்கு நாள் குறைந்தது என்று டீச்சர் சொன்னார். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பாஸ்மேன், வைஸ்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நெருக்கமானது. போர்வையோடு ஒட்டுதல் உள்ள சிறு குழந்தைகள், பழக்கமில்லாத அறையில் அந்தப் போர்வை உடனிருந்தபோது, அம்மா உடனிருக்கும் குழந்தைகள் அளவுக்கே விளையாடினார்கள், சுற்றிப் பார்த்தார்கள். ஒட்டுதல் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் கடையில் புதிதாக ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தால் அது வெறும் பொம்மைதான்.

தொலைந்தால் என்ன செய்வது என்று பலரும் அதே மாதிரி இன்னொன்று வாங்கி வைக்கிறார்கள். புரூஸ் ஹூடும் பால் புளூமும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பொருட்களை நகலெடுப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பெட்டியைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். செல்லப் பொம்மை உள்ள குழந்தைகளில் சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. விட்டவர்களில் பெரும்பாலோர் பழையதைத்தான் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்தே மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டையும் ஒரே மாதிரி தேயவிட வேண்டும். நாங்கள் வாங்கவில்லை. உள்தையலில் ஒரு துணிப்பட்டை வைத்து எங்கள் தொலைபேசி எண்ணை எழுதியிருக்கிறோம்.

"ஸ்கூல் போற பிள்ளைக்கு இன்னும் பொம்மையா?" என்று கேட்காத உறவினர் கிடையாது. நாங்கள் பிடுங்கவில்லை. அரை வருடம் போனதும் ஒரு காலையில் அவளே அதைக் கட்டிலில் உட்கார வைத்து, "தொப்பைக்கு இன்னைக்கு வீட்ல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்புறம் காய்ச்சலுக்குப் பிறகும் நீண்ட விடுமுறைக்குப் பிறகும் சில நாட்கள் திரும்பப் பைக்குள் ஏறியது. பையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்வதும் சாப்பாட்டு டப்பா கசிந்தால் அதன் மேலேயே கசிவதும் அந்த நாட்களின் தொல்லைகள்.

துணிக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன், தையலுக்கு இரண்டு. இதே அளவில், கழுத்து மட்டும் இரட்டைத் தையலோடு வந்தால் யோசிக்காமல் வாங்கலாம். இந்தக் கரடியின் கழுத்தைப் பிரித்துப் பஞ்சு அடைக்க அனுமதி கிடைத்திருக்கிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: பழைய பஞ்சில் ஒரு துளிகூட வெளியே எடுக்கக் கூடாது.