குளத்து வீதிகள்: திருகோணமலையைச் சுற்றிப் பல வருசம் சைக்கிள் ஓடிய அனுபவம்

திருகோணமலைக்குச் சைக்கிளோடு வருகிற பலர் நேரே நிலாவெளி வீதியைத்தான் பிடிக்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, அப்படியே புல்மோட்டை. கடலை ஒட்டிய வழி, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு நிறைவு தருகிற வழிகள் உள்ளே இருக்கின்றன. காட்டுக்குள்ளால், குளங்களைத் தொட்டுத் தொட்டுப் போகிற வழிகள் அவை. ஒரே சைக்கிளில் இரண்டு பக்கமும் வருசக்கணக்காக ஓடிவிட்டேன். யாராவது கேட்டால் நான் கை காட்டுவது மேற்குப் பக்கம்தான்.

அதற்கு முதல் காரணம் காற்று. இங்கே தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டுப் பயனில்லை. மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை கச்சான் வீசும். தென்மேல் பருவக்காற்று ஈரத்தை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்குவதால் காய்ந்து, அனலாக வரும். விடியற்காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏறப் பலக்கும். ஆகவே விடிந்ததும் மேற்கே கிளம்பினால் போகும்போது காற்றின் தொல்லை குறைவு, திரும்பும்போது கச்சானே முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். கரையோர வீதி வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. அதில் போகும்போதும் வரும்போதும் பக்கக்காற்று. பாரம் கட்டின சைக்கிளைப் பக்கக்காற்றில் நேராகப் பிடித்துக்கொண்டே போவது, எதிர்காற்றில் மிதிப்பதை விட அலுப்பான வேலை.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையும் மழையும். அந்த நாட்களில் உள்வீதிகளில் தண்ணீர் குறுக்கே பாயும், போகவேண்டாம். எனக்குப் பிடித்த காலம் பெப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. மாரி மழையில் குளங்கள் நிரம்பி நிற்கும், காடு பச்சையாக இருக்கும், கச்சான் இன்னும் பிறந்திருக்காது.

முதல் தடவை வருகிறவர் அனுராதபுரச் சந்தியிலிருந்து ஏ12 வீதியில் தொடங்கலாம். ஏறத்தாழ 8 கிலோமீற்றரில் கன்னியா. சின்னத் தொட்டிகள் மாதிரிக் கட்டிவைத்த ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கே வருகிற குடும்பங்கள் உண்டு. அப்படி யாராவது வந்திருந்தால் வாளியை எடுக்கும் முன் ஒதுங்கி நின்று இடம் கொடுங்கள். காலையிலேயே போய்விட வேண்டும், உச்சி வெயிலில் வெந்நீர் ஒருவருக்கும் ஆகாது.

கன்னியா தாண்டினால் குன்றுகள் பக்கத்தில் வரத் தொடங்கும். உயரமில்லை, மூச்சு வாங்குகிற ஏற்றம் என்று ஒன்றுமே இந்த வழியில் கிடையாது. பாலை, வீரை, முதிரை என்று வரண்ட வலயத்துக் காடு இரண்டு பக்கமும் வரும். பாலைப்பழக் காலத்தில் வீதியோரத்தில் குவித்து வைத்து விற்பார்கள். வாங்கினால் ஓடிக்கொண்டே தின்னாதீர்கள். அந்தப் பால் உதட்டில் ஒட்டும், விரலில் ஒட்டும், பிறகு பிறேக் பிடிக்கிற இடத்திலும் ஒட்டிக்கொண்டு போகாது.

பெரியகுளம் பக்கம் திரும்பினால் வெல்கம் விகாரை. நாதனார் கோயில் என்று எங்களவர்கள் சொல்லும் இடம். சோழர் ஆட்சியில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, கொடைகளைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு தடவையாவது போய் நிற்கவேண்டிய இடம் இது. இவ்வளவு கிட்ட இருந்தும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலர் பார்த்ததேயில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. ஏ12இலேயே தொடர்ந்து போனால் பன்குளம், முதலிக்குளம். குளக்கட்டில் ஏறி நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் காடு.

இரண்டாவது வழி ஏ6. சீனன்குடா தாண்டித் தம்பலகாமம் வரை லொறியும் பஸ்ஸும் விரட்டிக்கொண்டு போகும், ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் கடந்துவிடுங்கள். தம்பலகாமத்தில் உள்ளே இறங்கியதும் எல்லாம் மாறிவிடும். வயல், வாய்க்கால், கொக்கு, ஆதிகோணநாயகர் கோயில். இந்த வயல்களுக்குத் தண்ணீர் தருவது கந்தளாய்க் குளம். கோணேசர் கோயிலின் பூசை குறையாதிருக்கக் குளக்கோட்டன் கட்டிய குளம் அது என்று நாங்கள் கேட்டு வளர்ந்தோம். கந்தளாய்க்குப் போய்க் கட்டின் உயரத்தைப் பார்க்கிறவர்கள் 1986ஐயும் நினைக்கவேண்டும். அந்த வருசம் ஏப்ரல் 20ஆம் திகதி விடியுமுன் அணை உடைந்து, கீழே உறங்கிக்கொண்டிருந்த ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பிறகு திருத்திக் கட்டினார்கள்.

கந்தளாய்க்கு அப்பால் ஹபரண வரையுள்ள துண்டில் நான் சைக்கிள் ஓடுவதில்லை, ஓடச் சொல்லவும் மாட்டேன். யானை. சைக்கிளில் உள்ள ஆபத்து அது சத்தம் போடாமல் போவதுதான். லொறி வந்தால் யானைக்கு முன்கூட்டியே தெரியும். சைக்கிளோ வளைவில் திரும்பி, யானை நம்மைக் கவனிக்கும் முன்பே கிட்டப் போய்விடும். முதலிக்குளம் பக்கமும் இதே கவனம் வேண்டும். வீதியில் ஈரம் காயாத இலத்தி, புதிதாக முறிந்து பால் வடிகிற கொப்பு, இரண்டில் ஒன்றைக் கண்டாலும் இறங்கி நின்று காது கொடுங்கள். கந்தளாய்ப் பேராற்றுத் தேத்தண்ணிக் கடையில் ஒரு நானா சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்: “தம்பி, எதிர்ல வாற லொறி லைட் அடிச்சிக் காட்டினா அந்த இடத்துலயே நில்லுங்க. பொறகால ஒரு பஸ் வரட்டும், அதோட சேர்ந்து போங்க.” ஐந்து மணிக்குப் பிறகு காட்டு வீதியில் இருக்கவே கூடாது.

எல்லாவற்றிலும் நான் அதிகம் ஓடியது மூன்றாவது வழியை. தம்பலகாமத்திலிருந்து வயல்களுக்குள்ளால் சூரங்கல் போய், கிண்ணியா, பிறகு பாலம் ஏறி வெள்ளைமணல், சீனன்குடா. தம்பலகாமக் குடாவை ஒரு சுற்று. 2009இல் பாலம் திறக்குமுன் அந்த இடத்தில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் ஏறிக் கடக்கவேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான பாலம், கச்சான் நாட்களில் நடுவில் காற்று திடீரென்று அடிக்கும், கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள். கிண்ணியாவில் எருமைத்தயிர் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். கொஞ்சம் பாணிவிட்டுச் சாப்பிட்டால் வீடு வரை வேறொன்றும் தேவைப்படாது.

இனிச் சைக்கிள். என்னுடையது இரும்புச் சட்டம், 26 அங்குலச் சில்லு. வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன். 26 அங்குல ரியூப் சந்திக் கடைகளில் கிடைக்கும். வெளிநாட்டுச் சைக்கிள்களின் மெல்லிய ரியூபுக்கு நகரத்துக்குத்தான் திரும்பவேண்டும். ரயர் 1.75 அங்குலம், வழவழப்பானது. காப்பற் வீதிக்கும் பொருந்தும், கிறவல் வீதியிலும் சமாளிக்கும். கியரைக் குறைத்து ஓடுவது இங்கே குன்றுகளில் அல்ல, எதிர்காற்றில்தான். முன்னே சின்னப் பல்லுச்சக்கரம் இருந்தால் நல்லது. ஒரு கடையில் வாங்கிய அலுமினியக் கரியர், பாரத்தோடு கிறவலில் குலுங்கி ஒட்டு விட்டுப் பிரிந்தது. கிட்டடியில் இருந்த வெல்டிங் கடையில் அலுமினியம் ஒட்ட வசதியில்லை. அன்றைக்கு மாற்றிய இரும்புக் கரியர் இன்றைக்கும் அசையவில்லை.

குளக்கட்டில் சைக்கிளைச் சாய்க்கும்போது நெருஞ்சியைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டும்போது பலர் ரியூபை மட்டும் ஒட்டிவிட்டு ரயரைப் போட்டுவிடுவார்கள். நெருஞ்சி முள்ளின் நுனி ரயருக்குள் முறிந்து கிடக்கும், வெளியே தெரியாது. ஒரு துண்டுப் பருத்தித் துணியை ரயரின் உள்பக்கம் மெதுவாகச் சுற்றி இழுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள். நகத்தால் வராது, ஊசியால் வெளிப்பக்கம் தள்ளி எடுக்கவேண்டும்.

கரையோர வீதியில் ஓடினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முதலில் கறள் பிடிப்பது மட்காட் ஆணி, அடுத்தது சில்லுக்கம்பியின் நிப்பிள். நிப்பிள் இறுகிவிட்டால் சில்லு நெளிந்தால்கூட நிமிர்த்த முடியாது. செயினைக் காயவிட்டு ஒரு சொட்டு ஒரு சொட்டாக எண்ணெய் விடுங்கள். காட்டு வழியில் இந்த வேலை பாதியும் இல்லை. புழுதியைத் துடைத்தால் போதும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றராவது கட்டிக்கொண்டு போகவேண்டும். கரைப்பக்கம் பல கிணறுகள் சவர், காட்டுப்பக்கம் கடைக்குக் கடை தூரம். ஒரே நாள் மட்டும் கையில் இருந்தால் குடாவைச் சுற்றும் மூன்றாவது வழியையே எடுங்கள். தம்பலகாமத்தை முதலில் முடித்துக் கிண்ணியாவை மத்தியானத்துக்கு வைத்தால் வெயிலுக்கு முன் வயல் வீதி கடந்துவிடும், தயிரும் நேரத்துக்குக் கிடைக்கும்.