இன்ஜின் வேலை முடிந்த அம்பாசிடருக்கு 5டபிள்யூ-30 ஆயில்: மதுரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மதுரையில் ஒரு பட்டறையில் நடந்தது இது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள மார்க் 4 அம்பாசிடர். இன்ஜினை முழுதாகப் பிரித்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் புதிதாகவும், அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பட் எட்டையும் புதிதாகவும் போட்டார்கள். அதுவரை வேலையில் குறை சொல்ல முடியாது. கடைசியில் "ஃபுல் சிந்தெடிக், இதைவிட ஒசத்தி கிடையாது" என்று 5டபிள்யூ-30 கிரேடு, ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) எஸ்என் தர ஆயிலை ஊற்றி, அதற்கேற்ற விலையில் பில்லும் போட்டார்கள். பிறகு கார்புரேட்டர் டியூனிங்குக்காக அரை மணி நேரம் வண்டியை ஐடிலிலேயே ஓடவிட்டார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் டேப்பட் சத்தம் கேட்டது. வால்வ் இடைவெளியை (கேப்) சரிசெய்தாலும் அதே இரண்டு வால்வுகளில் மறுபடி மறுபடி சத்தம். கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்ற பதில். வேறிடத்தில் பிரித்தபோது இரண்டு கேம் முனைகள் மழுங்கியிருந்தன. அவற்றின் டேப்பட்டுகள் அடியில் குழிந்திருந்தன. மொத்தச் செலவும் வீண்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். அம்பாசிடரின் இந்த இன்ஜினிலும் பிரீமியர் பத்மினி காரின் 1089 சிசி இன்ஜினிலும் இருப்பவை தட்டை டேப்பட்டுகள். கேம் முனை டேப்பட்டின் அடிப்பரப்பை அழுத்தி உரசிக்கொண்டே சுழலும். இன்ஜினுக்குள் மிக அதிக அழுத்தம் விழும் இடங்களில் இது ஒன்று. அங்கே ஆயில் படலம் மட்டும் தாங்காது. ஆயிலில் கலந்திருக்கும் ஜெட்.டி.டி.பி. என்ற ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம் சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகத்தின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து, தான் தேய்ந்து உலோகத்தைக் காக்கிறது. ஆனால் பாஸ்பரஸ் புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸை 0.06 முதல் 0.08 சதவீதத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். 20டபிள்யூ-50க்கும் 15டபிள்யூ-40க்கும் அந்த உச்சவரம்பு இல்லை. 'இதைவிட ஒசத்தி கிடையாது' என்று பட்டறைக்காரர் சொன்னது புதுக் காருக்கு உண்மை. இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது.

ஆயிலின் பிசுபிசுப்பும் பொருந்தவில்லை. 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பின் அளவு), 50 கிரேடு 16.3 முதல் 21.9. இந்த இன்ஜினின் கிராங்க் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை; ஆயிலைத் திருப்பித் தள்ளும் மரைதான் உண்டு. மெல்லிய ஆயில் அதைத் தாண்டி கிளட்ச் பக்கம் கசியும். 5டபிள்யூ என்பது மைனஸ் 30 டிகிரிக் குளிருக்கான சோதனை. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அதற்குக் காசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

வாங்க வேண்டியது மினரல் (சிந்தெடிக் அல்லாத) 20டபிள்யூ-50. அது கிடைக்காத இடத்தில், பைக்குக்கு வரும், ஜாஸோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ முத்திரையிட்ட 20டபிள்யூ-50 ஊற்றலாம். ஜாஸோ விதிப்படி அதில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதம் இருக்கும். டீசல் வண்டிகளுக்கான ஏபிஐ சிஐ-4 15டபிள்யூ-40யும் தாங்கும். ஆனால் அதில் டிடர்ஜென்ட் அதிகம். பல வருடம் ஆயில் மாற்றாத இன்ஜினில் ஊற்றினால் படிந்த கசடு பெயர்ந்து ஸ்ட்ரெயினரை (ஆயில் உறிஞ்சும் இடத்துச் சல்லடை) அடைக்கும். முதலில் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் சேம்பரைக் கழற்றிக் கழுவுங்கள். ஜிங்க் பாட்டில் வாங்கித் தனியாகக் கலக்க வேண்டாம். அளவு மீறினால் அதுவே உலோகத்தை அரிக்கும். 1.8 இசுசு இன்ஜின் போட்ட அம்பாசிடர் வேறு அமைப்பு. அதற்கு அதன் மேனுவல்தான்.

புது கேமுக்கு முதல் அரை மணி நேரம்தான் உயிர். கேம் முனைகளுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான் போகிறது. ஐடிலில் தெறிப்பு குறைவு, கேம் முனை மேல் அழுத்தம் அதிகம். அதனால் பூட்டும்போதே கேம் முனையிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவ வேண்டும். டைமிங்கையும் கார்புரேட்டரில் பெட்ரோலையும் முன்னாலேயே சரிபார்த்து, முதல் செல்ஃபிலேயே இன்ஜின் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் 2000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய், 1500க்கும் 2500க்கும் நடுவே ஏற்றி இறக்கி 20 நிமிடம் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுங்கள். சூடு ஏறினால் ஐடிலில் விடாமல் நிறுத்தி, ஆறியபின் தொடருங்கள். ஐடில் டியூனிங் எல்லாம் அதற்குப் பிறகு. அந்த ஆயிலை உடனே இறக்கி ஃபில்டரோடு மாற்றுங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு மாசி வீதிகளில் ஊர்ந்து போகும் வாடகை அம்பாசிடர்களுக்குப் புது கேம் போட்டிருந்தால், அந்த 500 முடியும்வரை தயவுசெய்து ஊர்வலத்துக்கு விடாதீர்கள்.

ஏற்கெனவே 5டபிள்யூ-30 ஊற்றியிருந்தால் இன்றே இறக்குங்கள். வால்வ் கவரைத் திறந்து, டயல் கேஜ் என்ற அளவுகருவியில் எட்டு வால்வின் லிஃப்டையும் (திறக்கும் உயரம்) அளந்து ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்த முனை தேய்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றினால் பிளாக்கின் பக்கவாட்டு கவர் வழியாக டேப்பட்டை எடுத்து அடியைப் பார்க்கலாம். குழிந்த டேப்பட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த கேம் புது டேப்பட்டையும் தின்றுவிடும்.

பட்டறையில் ஆயில் ஊற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மூடியின் வளையம் உங்கள் கண்முன் உடைய வேண்டும். பேரலிலிருந்து பிடிக்கும் லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். காலி கேனை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அங்கேயே விட்டால் அதே கேனில் மட்டமான ஆயில் நிரம்பி இன்னொருவர் தலையில் விழும். பில்லில் 'ஆயில்' என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். பிராண்ட், கிரேடு, ஏபிஐ தரம், பேட்ச் எண் எல்லாம் வேண்டும். தகராறு வந்தால், இறக்கிய ஆயிலில் அரை லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து வையுங்கள். லேபில் ஜிங்க், பாஸ்பரஸ் அளவைச் சோதிக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. கழற்றிய கேமையும் டேப்பட்டுகளையும் அதுவரை பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.