செல்ஃப் டிரான்ஸ்ஃபர் டிக்கெட்: விலை சரி, விசாவை யார் பார்ப்பது?

திருச்சியிலிருந்து பாலிக்கு மலிவாகத் தேடினால் இந்த டிக்கெட் செயலி முதலில் தூக்கிக் காட்டுவது "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" டிக்கெட்டைத்தான். சிங்கப்பூர்வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து பாலிக்கு வேறொரு கம்பெனி, இரண்டு பிஎன்ஆர். விசா பற்றிப் பேச்சே இல்லை, பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் "ஆவணங்கள் பயணியின் பொறுப்பு" என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானக்காரர் கணக்கில் நீங்கள் பாலி போகிறவர் இல்லை, சிங்கப்பூர் போகிறவர். பெட்டிக்கும் சிங்கப்பூர் டேக்தான் ஒட்டுவார்கள், அதை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வரவேண்டும், அதற்கு இந்திய பாஸ்போர்ட்காரருக்கு விசா வேண்டும். ஆஸ்திரேலியா, ஜப்பான், அமெரிக்கா மாதிரி சில நாடுகளின் விசா இருந்து, வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கினால் 96 மணி நேரம் விசா இல்லாமல் விட வாய்ப்புண்டு (அதுவும் அதிகாரி மனது வைத்தால்). அந்த விசா எதுவும் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? கைப்பை மட்டும் என்றால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வெளியே வராமலே மாறிவிடலாம், ஆனால் முதலில் திருச்சி கவுண்டரில் சம்மதிக்க வேண்டுமே. ஆவணம் இல்லாத ஆளை ஏற்றிப் போனால் அபராதம் விமான நிறுவனத்துக்கு, அதனால் டைமேட்டிக்கில் (எந்த நாட்டுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று விமான நிறுவனங்கள் பார்க்கும் தகவல் தளம்) பார்த்துவிட்டுத்தான் போர்டிங் பாஸ் தருவார்கள்.

செயலியின் சாட்டில் கேட்டேன். "தூதரகத்தை அணுகவும்." சரி, கூடுதல் காசுக்கு விற்கிறார்களே அந்த "கனெக்‌ஷன் பாதுகாப்பு", அதன் விதிமுறையைப் படித்தால் தாமதத்துக்கும் ரத்துக்கும்தான் பொறுப்பு, விசா இல்லையென்று நிறுத்தினால் பைசா தேறாது.

அதே பட்டியலில் கீழே கோலாலம்பூர் வழி இருந்தது, கொஞ்சம் விலை கூட. அதைத்தான் எடுத்தேன். மலேசியாவில் இந்தியர்களுக்கு 2026 கடைசிவரை 30 நாளுக்கு விசா தேவையில்லை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும், அது இலவசம். பாத்திக் ஏர் டெர்மினல் ஒன்றில் இறக்கிவிட்டது, ஏர் ஏசியா கிளம்புவது டெர்மினல் இரண்டில். நடுவில் 2 ரிங்கிட் ரயில், மூன்றே நிமிஷம், அதில் குறையே இல்லை. நேரத்தைத் தின்பது குடிநுழைவு வரிசையும் பெட்டி வரும் பெல்ட்டும்தான். இந்தச் செயலி இரண்டரை மணி நேர இடைவெளியையும் கூசாமல் காட்டுகிறது, ஏர் ஏசியா கவுண்டரோ புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஐந்து மணி நேரமாவது விட்டு எடுங்கள்.

விலை தேடிப் பார்க்க நல்ல செயலி, காசு கட்ட இல்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். திரும்பி வர ஏர் ஏசியா தளத்திலேயே பாலி–திருச்சி என்று ஒரே பிஎன்ஆரில் போட்டேன், ஆயிரத்துச் சொச்சம் கூட ஆனது, பெட்டியைப் பாலியில் கொடுத்ததோடு சரி, திருச்சியில் பெல்ட்டில் எடுத்துக்கொண்டேன்.