குறடு எங்கே மடங்குகிறது? பழைய மல்டிடூல்கள் நேருக்கு நேர்

குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டிடூலைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் எண்ணுவது உள்ளே எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதைத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். இப்போது பழைய மல்டிடூல் ஒன்று கைக்கு வந்தால் வேறொன்றைத்தான் முதலில் பார்க்கிறேன்: குறடு கைப்பிடிக்குள் எப்படிப் போய் ஒளிகிறது? வடிவமைப்பாளர் முதலில் எடுத்த முடிவு அது. குறட்டை அழுத்தும்போது உள்ளங்கையில் எது படும், கத்தியை எடுக்க எத்தனை அசைவு வேண்டும், வருடங்கள் போனால் எந்த இடம் தேயும் என்பதெல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன.

லெதர்மேன் பிஎஸ்டியில் தொடங்குவதுதான் முறை. 1975இல் டிம் லெதர்மேன் தன் மனைவியோடு பழைய ஃபியட் 600 காரில் ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. சட்டைப்பையில் கத்தி இருந்தும் குறடு இல்லையே என்ற குறையில் பிறந்த யோசனை இது. அட்டையை வெட்டி மாதிரி செய்து பார்த்தார். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. காப்புரிமை 1980இல் கிடைத்தது. பாக்கெட் சர்வைவல் டூல், அதாவது பிஎஸ்டி, 1983இல்தான் விற்பனைக்கு வந்தது. 2004 வரை தயாரிப்பில் இருந்தது.

பிஎஸ்டியின் இரண்டு கைப்பிடிகளும் மடித்த எஃகுத் தகட்டால் ஆன கால்வாய்கள். மூடியிருக்கும்போது கால்வாய்களின் திறந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும். குறடு நடுவில் உறங்கும். கைப்பிடிகளை அரைவட்டம் சுழற்றித் திறந்ததும் அந்தத் திறந்த பக்கம் வெளியே திரும்பி உங்கள் உள்ளங்கையைப் பார்க்கிறது. பிடிவாதமான நட்டு ஒன்றைப் பிடித்து இறுக்கினால், தகட்டின் இரு விளிம்புகளும் இரண்டு சிவந்த கோடுகளாகக் கையில் பதியும். கத்தி வேண்டுமென்றாலும் முதலில் குறட்டைத் திறந்தாக வேண்டும். திருப்புளிகளில் ஒன்றை நகத்தால் நெம்பினால் பக்கத்தில் இருப்பதும் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பி வரும்.

இத்தனை குறைக்கும் பிறகு அதை ஏன் கொண்டாடுகிறேன்? கையில் வைத்துப் பாருங்கள். மூடினால் 10 சென்டிமீட்டர் நீளம், சுமார் 140 கிராம் எடை. கைப்பிடியின் விளிம்பில் அளவுகோல் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் விரித்தால் 8 அங்குலம் அளக்கலாம். அரம், கத்தி, குத்தூசி, டப்பா திறப்பான், திருப்புளிகள் என எதுவும் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. இதைவிட மெல்லியதாக, இதைவிட நேர்மையாக ஒரு குறட்டை மடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கெர்பரும் லெதர்மேனைப் போலவே அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்து நிறுவனம்தான். 1990களின் தொடக்கத்தில் அது கொண்டுவந்த மல்டி-பிளையர், கைப்பிடியைச் சுழற்றும் முறையையே விட்டுவிட்டது. குறட்டின் தலை கைப்பிடிகளுக்கு இடையே வழுக்கி இறங்குகிறது. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் ‘சடக்’கென்று வெளியே வந்து நிற்கிறது. ஒரு கையில் கம்பியைப் பிடித்திருப்பவனுக்கு இது பெரிய உபகாரம். கைப்பிடி புரளாததால் அதன் வழவழப்பான முதுகே எப்போதும் உள்ளங்கையில் படுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் கோடு விழாது.

வழுக்கும் பாகத்துக்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி ஆட்டத்தைக் கொடுக்கும். நன்றாக உழைத்த பழைய மல்டி-பிளையரைக் காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலப்பது அதனால்தான். பிஎஸ்டியின் தாடை ரிவெட்டில் சுழல்கிறது. இதன் தாடை தண்டவாளத்தில் ஓடுகிறது. நுட்பமான வேலைக்கு முன்னதும், அவசரத்துக்குப் பின்னதும் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

சாக் நிறுவனத்தின் பவர்லாக் வேறு திசையில் யோசித்தது. குறட்டின் அடியில் பல்சக்கரங்கள். ஒரு கைப்பிடியைத் திறந்தால் மற்றதும் தானே திறக்கிறது. அழுத்தும்போது நெம்புவிசை பெருகித் தாடைக்குப் போகிறது. தடித்த கம்பியை வெட்டும்போது இந்த வித்தியாசம் கைக்கு உடனே தெரியும். கால்வாயின் விளிம்பு கையை உறுத்தாதபடி, மேலே மடங்கி மூடும் தகடுகளும் உண்டு. ஆனால் விசை பெருகும் அளவுக்குத் தாடையின் அசைவு சுருங்குகிறது. கைப்பிடிகளை நிறைய விரித்தால்தான் வாய் திறக்கும். பல்சக்கரங்கள் வெளியே தெரிவதால் சட்டைப்பையின் நூலும் தூசியும் அங்கே குடியேறுகின்றன. அழகான பொறியியல்தான், ஆனால் அடிக்கடி பல் துலக்கிவிட வேண்டிய கருவி.

விக்டோரினாக்ஸ் மெதுவாகத்தான் வந்தது. 1884இல் ஸ்விட்சர்லாந்தின் இபாக்கில் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறையின் வழித்தோன்றல் அது. அதிகாரிகளுக்கான கத்தியை 1897இல் பதிவு செய்தது. அப்படிப்பட்ட நிறுவனம் குறட்டு மல்டிடூலில் இறங்கியது 1990களின் பிற்பாதியில். மற்றவர்கள் செய்த தவறுகளை எல்லாம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது ஸ்விஸ்டூல். சுழலும் கைப்பிடிதான், பிஎஸ்டி போலவே. ஆனால் கருவிகள் அனைத்தும் வெளிப்பக்கம். குறட்டைத் திறக்காமலே கத்தியையோ அரத்தையோ எடுக்கலாம். கையில் படும் விளிம்புகள் எல்லாம் மழுங்க உருட்டப்பட்டிருக்கின்றன. கருவி ஒவ்வொன்றும் நிமிர்ந்ததும் பூட்டிக்கொள்கிறது; விடுவிக்க ஒரு சிறு நழுவுபொத்தான். அந்தப் பூட்டு விழும் ஒலியை நான் வேலை இல்லாத நேரத்திலும் கேட்டிருக்கிறேன்: கனமான கதவு சரியாகப் பொருந்தி மூடும் ஒலி.

அதற்கு ஈடாகக் கேட்கப்படுவது எடை. பிஎஸ்டியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சட்டைப்பைக்கு ஆகாது, இடுப்பு உறைதான்.

லெதர்மேனும் சும்மா இருக்கவில்லை. 1994இன் சூப்பர் டூலில் பூட்டு வந்தது. அதன் முதல் வடிவத்தில் பூட்டை விடுவிக்கப் பக்கத்துக் கருவி ஒன்றைப் பாதி எழுப்ப வேண்டும். தெரியாதவர் கையில் கொடுத்தால் திணறிப்போவார். 1998இல் வந்த வேவ், கத்திகளை வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து ஒரு கையால் திறக்க வைத்தது. பயன்பாட்டில் பிஎஸ்டியை எல்லா வகையிலும் மிஞ்சியது அது. சேகரிப்பில் எனக்கு அதன்மேல் அவ்வளவு பற்று வரவில்லை. அடுத்தவர் கேள்விக்குச் சொன்ன பதில்போல் இருக்கிறது.

பழையதை வாங்கும்போது கத்தியின் முனையைப் பார்க்க வேண்டும். ஒருமுறை படத்தை மட்டும் நம்பி ஒரு பிஎஸ்டி வாங்கினேன். உறையிலிருந்து எடுத்தபோதுதான், உடைந்த முனையை யாரோ சாணை பிடித்து வேறு வடிவத்துக்குக் கொண்டுவந்திருப்பது தெரிந்தது. நகக்குழிக்கும் (கத்தியை நகத்தால் நெம்பும் பள்ளம்) முனைக்கும் உள்ள தூரத்தை ஒரு நல்ல கத்தியோடு ஒப்பிட்டிருந்தால் படத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம். அடுத்து, குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். நுனி சேராமல் வெளிச்சம் கசிந்தால் அது யாரிடமோ அளவுக்கு மீறி உழைத்திருக்கிறது. கம்பி வெட்டும் விளிம்பில் பள்ளம் இருந்தாலும் அதே கதை. 1990களைச் சேர்ந்த பல பிஎஸ்டிகளில் கைப்பிடியின் உட்புறம் நான்கு இலக்க முத்திரை இருக்கும்: 0496 என்றால் 1996 ஏப்ரல். மேலோட்டமான துருவுக்கு எண்ணெயும் பழந்துணியும் போதும். பளபளப்பாக்கும் சக்கரத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். முத்திரையும் அளவுகோலின் கோடுகளும் அதோடு மங்கிவிடும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர் அன்றாட வேலைக்காகக் கேட்டால் ஸ்விஸ்டூல் என்பேன், தயங்காமல். ஏணி மேல் நின்று ஒற்றைக் கையால் வேலை பார்ப்பவருக்குக் கெர்பர். சேகரிப்பின் முதல் கருவி என்றால், விளிம்பு கையை உறுத்தினாலும் பரவாயில்லை, முனை முழுதாக இருக்கும் ஒரு பிஎஸ்டியைத் தேடிப் பிடியுங்கள். மற்ற மூன்றும் எதை எதைத் திருத்த வந்தன என்பது அதைக் கையில் வைத்து அழுத்தினால்தான் தெரியும்.