பகான் கோயில் படம், வாங்கி ஆறு மாதம் ஆனபின்

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊரில் முப்பது வருடம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். கறுப்பு வெள்ளைப் படங்களை ஹைபோ என்கிற மருந்துக் கரைசலில் போட்டு, கழுவி, கிளிப் மாட்டிக் காயவைத்த கை இது. பிரிண்ட் விஷயத்தில் எனக்கு லேசில் மனம் ஒப்பாது. பர்மாவில் பகானில் இருக்கும் தம்மயங்கி கோயிலின் உட்புறப் படம் ஒன்றை, எடுத்தவரிடமே ஆன்லைனில் வாங்கினேன். 24-க்கு 16 அங்குலம், பருத்தித் தாள், ஃபிரேம், கூரியர் எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். தையில் வந்தது, இப்போது ஆடி.

படத்தில் ஒரு நடைகூடம்தான் இருக்கிறது. இடது வளைவு வழியாக வெயில் தரையில் விழுகிறது. கோடியில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார், முகம் பாதி இருட்டில். பூமியைத் தொடும் வலது கையில் சுதை உதிர்ந்து, முழங்கைக்குக் கீழே வெறும் செங்கல்.

12ஆம் நூற்றாண்டில் நரத்து மன்னன் கட்டிய கோயில் என்பார்கள். இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஊசி நுழைந்தால் கொத்தனாரின் கையை வெட்டிவிடுவான் என்று அங்கே ஒரு கதை உண்டு. நெகட்டிவ் பார்க்கும் பழைய லென்ஸை எடுத்து படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். செங்கல் இணைப்புகள் தலைமுடி கனத்தில் போகின்றன, நிழலுக்குள் போயும் கோடு அறுபடவில்லை. மட்டமான பிரிண்டில் நிழல் என்றால் தார் பூசியது மாதிரி இருக்கும். இதில் இருட்டுக்குள்ளும் சுவர் இருக்கிறது. சுண்ணாம்பு பெயர்ந்த இடம், ஈரம் இறங்கிய கறை, வௌவால் எச்சம் வழிந்த தடம், எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன.

இடிந்த கட்டடத்துக்கு ஒப்பனை செய்யாமல் விட்டதற்காகவே இவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். 1964 புயலில் போன எங்கள் தனுஷ்கோடி சர்ச்சை இப்போது எடுக்கிறவர்கள் வானத்தை ஆரஞ்சாக்கி, சுவரைத் தங்கமாக்கிவிடுகிறார்கள். அந்தப் பவளக்கல் உப்புக்காற்றில் அரிபட்டு நிற்கும் கோலம் அதில் எங்கே தெரிகிறது? பகானை 1855-லேயே படமெடுத்த ஆங்கிலேயர் லின்னேயஸ் டிரைப்கூட, வெறும் வானத்துக்கு நெகட்டிவில் மேகம் வரைந்தவர்தான். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை, ஆனால் இந்தப் படத்தில் அந்த வேலையும் இல்லை.

அம்மா ரங்கூனில் பிறந்தவர், 1964-ல் கப்பலில் வந்தபோது பதினைந்து வயது. படத்தை மாட்டிய அன்று கிட்டப் போய் அந்த வெயில் விழும் தரையையே பார்த்தார். “செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்ப்பா. தரை கொதிக்கும்” என்றார்.

சரி, இனி குறை. ஃபிரேமின் பின்பலகை எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, ஈரம் பட்டால் உப்பும். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இரண்டே மாதத்தில் பலகை கீழே உப்பிக்கொண்டது, ஆணிகள் துருப்பிடித்து, கறை தாளுக்கு ஒரு அங்குலம் வரைக்கும் வந்துவிட்டது. எழுதிக் கேட்டால், உத்தரவாதம் படத்துக்கு மட்டும்தான் என்று பதில். இவ்வளவு நல்ல தாளுக்கு இப்படி ஒரு பலகையா என்று வயிறு எரிந்தது.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்துப் பிரித்தேன். பின்னால் ஏசிபி என்கிற அலுமினியப் பூச்சு ஷீட், துருப்பிடிக்காத ஸ்குரூ, கண்ணாடி தாளில் ஒட்டாமலிருக்க நடுவில் மவுண்ட் அட்டை. 1,100 ரூபாய் ஆனது. பொறுமையாக, கையுறை போட்டுச் செய்தார்கள். அப்புறம் நானே பழைய ரப்பர் செருப்பை வெட்டி, நாலு மூலையிலும் பின்னால் ஒட்டினேன். சுவருக்கும் ஃபிரேமுக்கும் இடையே காற்று போக வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஃபிரேம் இல்லாமல் ரோலாக வாங்குங்கள், 5,200-தான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஆர்டர் போட வேண்டாம், ரோல் நனைந்து வரும். அதே கோயிலில் கௌதமரும் மைத்ரேயரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் படமும் அவரிடம் இருக்கிறது. மழை விட்டதும் அதை வாங்கப் போகிறேன்.